மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய் சாகும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள்! முட்டையில் குறை இல்லை... முதல் 3 வாரம்தான் கண்டம்

செஞ்சி, டிச.18-

செஞ்சி வட்டாரத்தில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. விடிகாலையில் ராஜகிரி மலை பாதிதான் தெரிகிறது. கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. அதைப் பார்க்க வெளியூர் வண்டிகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் கோட்டைக்குக் கீழே, வீட்டுக் கொல்லையில் 4 கோழி வைத்திருக்கும் பெண்களுக்கு இந்த மாசத்தில் வேறு கவலை.

பொரித்த குஞ்சு நிற்க மாட்டேங்குது. ராத்திரி 10 இருந்தது, காலையில் கூடையைத் தூக்கினால் 6 தான் இருக்கிறது. மறுநாள் 4. பொங்கல் வருவதற்குள் தாய்க்கோழி தனியாக சுத்துகிறது.

"பனி காலத்தில் அடை வைக்கவே கூடாது, முட்டை குளிர்ந்து போயிடும்" என்று பல பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பாதிதான் உண்மை. சொல்லப்போனால், நம்ம ஊர் வெயிலுக்கு மார்கழிதான் முட்டைக்கு நல்ல மாசம். குஞ்சுக்குத்தான் கெட்ட மாசம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் நஷ்டம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முட்டைக்கு குளிர் நல்லது

கோழி முட்டைக்குள் இருக்கும் கரு, சுமார் 20, 21 டிகிரி சூட்டுக்குக் கீழே இருந்தால் வளராமல் தூங்கும். கோழி உட்கார்ந்து 37 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் ஒழுங்காக வளரும். ரெண்டுக்கும் நடுவில் மாட்டினால்தான் வில்லங்கம். பாதி வளரும், பிறகு செத்துவிடும்.

சித்திரை வெயிலில் நம்ம ஓட்டு வீட்டுக்குள், ஷீட் போட்ட வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் வைத்த முட்டை கோழி உட்காருவதற்கு முன்னாடியே அரைகுறையாக வளர ஆரம்பித்து கெட்டுப்போகிறது. அதைத்தான் 21 நாள் கழித்து கூமுட்டை என்று தூக்கி எறிகிறோம். கோழி மேல் பழி போடுகிறோம்.

மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டு மூலையில் ஒரு மண் சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் துணி போட்டு, கூர் முனை கீழே இருக்கும்படி முட்டையை அடுக்கினால் போதும். பிரிட்ஜில் வைக்க வேண்டாம். அது ரொம்ப குளிர். அடைக்கு ஆகாது.

இன்னொரு விஷயத்தில் நம்ம ஆட்கள் தவறு செய்கிறார்கள். நாட்டுக்கோழி ஒரு ஈடுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். நாள் விட்டு நாள் இடும் கோழியாக இருந்தால் கடைசி முட்டை வரும்போது முதல் முட்டைக்கு வயசு 20 நாளைத் தாண்டிவிடும். 7 நாளைத் தாண்டிய முட்டையில் பொரிப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் நம்ம வீட்டில் எல்லாத்தையும் சேர்த்து அடியில் வைத்துவிடுகிறோம்.

முட்டை இட்டதும் பென்சிலால் தேதியை எழுதுங்க. முதலில் இட்டதை பிள்ளைகளுக்கு வேக வைத்துக் கொடுத்துவிடலாம். கடைசியாக இட்டதை அடைக்கு வையுங்க. சொந்தக் கோழி முட்டை போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் மாத்திக்கொள்ளலாம். சேவல் இல்லாத வீட்டு முட்டை வேண்டாம். 10 பெட்டைக்கு 1 சேவல் இருந்தால்தான் கரு கூடும்.

பனி காலத்தில் முட்டை எண்ணிக்கையிலும் ஆசைப்படக்கூடாது. மத்த நாளில் 12, 13 வைக்கும் கோழிக்கு இப்போது 9 அல்லது 10 வைத்தால் போதும். வயித்துச் சூட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் முட்டை ராத்திரியில் குளிர்ந்துவிடும். கோழி காலாலும் மூக்காலும் முட்டையைப் புரட்டிப் புரட்டி இடம் மாத்தும். அதனால் இன்னைக்கு ஓரத்தில் குளிர்ந்த முட்டை நாளைக்கு நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். கடைசியில் எல்லாமே கெடும். 13 வைத்து 5 பொரிப்பதைவிட 9 வைத்து 8 பொரிப்பது மேல்.

இரும்புத் துண்டும் இடியும்

அடை வைக்கும் கூடையில் ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போடும் பழக்கம் நம்ம பக்கம் இன்னைக்கும் இருக்கிறது. இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும், அதுக்கு இது காப்பு என்பார்கள்.

இடிச் சத்தத்தால் முட்டை கெடுவதில்லை. இடி மழையில் கோழி மிரண்டு எழுந்து ஓடுகிறது, கூரை ஒழுகி கூடை நனைகிறது. அதில்தான் கெடுகிறது. அதற்காக ஆயாவிடம் போய் சண்டை போட வேண்டாம். இரும்பு கிடந்துவிட்டுப் போகட்டும். கூடவே வேப்பிலையும் ஒரு கை போட்டு வையுங்க. அடைக்கோழிக்கு பேன், செல்லு பிடித்தால் அது 21 நாள் உட்காராது. எழுந்து எழுந்து போகும். அடை வைப்பதற்கு முன்னாடி சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் கொட்டினால் கோழி தானே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும்.

கூடையை தரையில் வைக்கக்கூடாது. சிமெண்டுத் தரை ராத்திரியில் ஜில்லென்று இருக்கும். அடியில் சாக்கு, அதன் மேல் கூடை, கூடைக்குள் 3 விரல் கனத்துக்கு மணலோ உமியோ, அதற்கு மேல் வைக்கோல். வாடைக்காத்து வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்தப் பக்கம் சுவர் இருக்கிற மூலையாகப் பாருங்க.

அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, 15 முதல் 20 நிமிஷம் வரை எழுந்து தின்னும், தண்ணீர் குடிக்கும், எச்சம் போடும். தீனி தேடி தெருக்கோடி வரை போனால் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். வெயில் காலத்தில் அது பரவாயில்லை. பனி காலத்தில் முட்டை ஆறிப்போகும். கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு பிடி கம்பு, கேழ்வரகு, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

7-ம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை போட்டு, அதன் மேல் கையைக் குவித்து முட்டையை வைத்துப் பாருங்க. சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் கரு இல்லை. அதை எடுத்துவிட்டால் மத்த முட்டைக்கு சூடு கூடுதலாகக் கிடைக்கும். முன்னே எல்லாம் சூரியனைப் பார்த்து விரலிடுக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். இப்போது எல்லார் பாக்கெட்டிலும் டார்ச் இருக்கிறது.

21-ம் நாள் ஓட்டில் விரிசல் விட்டு குஞ்சு சத்தம் கேட்கும். ஒன்றிரண்டு 22-ம் நாளும் வரும். பாவம் பார்த்து ஓட்டை நாம் உரித்துவிடக் கூடாது. உள்சவ்வில் ரத்த ஓட்டம் நிற்பதற்குள் பிரித்தால் ரத்தம் போய் சாகும். வெளியே வந்த குஞ்சு வயித்துக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். 2 நாள் வரை அதுவே அதற்குச் சாப்பாடு. பொரித்த அன்னைக்கே நொய்யைக் கொட்டி வற்புறுத்த வேண்டியதில்லை.

6 குஞ்சு செத்த கதை

இதுவரைக்கும் மார்கழி நமக்குத் துணை. இனிமேல்தான் எதிரி.

பொரித்த குஞ்சுக்கு உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. பஞ்சு மாதிரி இருப்பது இறகு இல்லை, வெறும் தூவி. நிஜ இறகு முளைக்க 3 வாரம் ஆகும். அதுவரைக்கும் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி, அடுத்த வாரம் 32, மூணாவது வாரம் 29. நம்ம ஊரில் மார்கழி ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பது? தாய்க்கோழி கொடுக்கும். தாய் இல்லை என்றால் நாம் கொடுக்க வேண்டும்.

போன மார்கழியில் என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 10 வைத்து 9 பொரித்தது. நாலாம் நாள் தெரு நாய் தாய்க்கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே 9 வாட் எல்.இ.டி. பல்பை எரியவிட்டு, பெரிய காரியம் செய்த மாதிரி தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் 6 குஞ்சு ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. அடியில் இருந்தது மூச்சு முட்டி செத்திருக்கிறது. மேலே இருந்தது விறைத்திருக்கிறது. வெளிச்சம் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

எல்.இ.டி. பல்பு வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. கரண்டு மிச்சமாவதே அதனால்தான். பழைய குண்டு பல்பு தின்னும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். வீட்டுக்கு அது தண்டம், குஞ்சுக்கு அதுதான் தாய். எல்லாக் கடையிலும் இப்போது கிடைப்பதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டு வாங்கி ஒன்று ரெண்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்க.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 20 குஞ்சுக்கு 40 வாட் பல்பு ஒன்று. ரொம்பப் பனியாக இருந்தால் 60 வாட். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் தொங்க விடுங்க. தெர்மாமீட்டர் வேண்டாம், குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்க. விலகி ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏத்துங்க. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. பெட்டிக்கு மூலை இருக்கக்கூடாது. மூலையில்தான் ஏறி நசுங்கும். அட்டையை வளைத்து வட்டமாக நிறுத்தினால் ஒதுங்க இடம் இருக்காது.

ராத்திரி கரண்டு போனால்? வெந்நீரை பாட்டிலில் ஊத்தி, மூடியை இறுக்கி, துணி சுத்தி நடுவில் வையுங்க. 3 மணி நேரம் தாங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க. சட்டியில் கரி கங்கு போட்டு, கதவைச் சாத்தி, அதே அறையில் பிள்ளைகளோடு படுக்கும் வேலை வேண்டாம். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கூரை வீட்டில் கங்கு என்றால் தீ பயமும் இருக்கிறது. குண்டு பல்பும் வைக்கோலில் பட்டால் பத்திக்கொள்ளும். கம்பியில் கட்டித் தொங்க விடுங்க. குஞ்சு போனால் அடுத்த ஈடு இருக்கிறது.

இன்னொரு விஷயம். சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் பச்சை, ரோஸ் கலர் பூசிய குஞ்சுகளைக் கூவி விற்பார்கள். பிள்ளைகள் அழுது வாங்கும். இதில் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். தாயும் இல்லை, வழியெல்லாம் வாடைக்காத்து. மார்கழியில் வாங்கினால் 2 நாள் விளையாட்டு, மூணாம் நாள் அழுகை. அதையும் பல்புக்கு அடியில் விட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஈரம்தான் பெரிய எதிரி

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சும் சாகிறதே என்று கேட்கலாம். அங்கே குளிரைவிட ஈரம்தான் காரணம்.

விடிந்ததும் 6 மணிக்குக் கூடையைத் தூக்கிவிடுகிறோம். கோழி புல்லுக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் ஓடும். பின்னாடியே குஞ்சு. பனி நின்ற புல்லில் 10 நிமிஷம் நடந்தால் தூவி முழுக்க நனைந்துவிடும். நனைந்த தூவி சூட்டைப் பிடிக்காது. அப்புறம் தாய் எவ்வளவு அணைத்தும் பயனில்லை. வெயில் ஏறி புல் காய்ந்த பிறகு, 8, 8½ மணிக்கு மேல் திறந்தால் போதும். சாயங்காலம் 5½ மணிக்குள் கூடையில் கவிழ்த்துவிட வேண்டும்.

கூண்டுக்கு சாக்குப் படுதா கட்டும்போது நாலு பக்கமும் இறுக்கக் கட்டுகிறார்கள். அதுவும் தப்பு. எச்சத்தில் எழும் அமோனியா நெடி உள்ளேயே நின்று குஞ்சுக்கு கண்ணும் மூக்கும் ஒழுகும். சளி என்று சொல்லி மாத்திரை வாங்குவோம். கீழே மறைத்து, மேலே ஒரு சாண் விடுங்க. காலையில் கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்க. உங்க கண் எரிந்தால் குஞ்சுக்கும் எரியும்.

தரையில் போட நம்ம ஊரில் மல்லாட்டைத் தோலுக்குப் பஞ்சமே இல்லை. நல்லா காய்ந்த தோல், அல்லது நெல் உமி, 2 அங்குலம் பரப்பினால் போதும். நனைந்த இடத்தை அன்றே அள்ளிவிட வேண்டும். ஈரத் தரையில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

மல்லாட்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. பனியில் ஈரம் ஏறி பூஞ்சை பிடித்த மல்லாட்டையையும் புண்ணாக்கையும் கோழிக்குத்தானே என்று கொட்டுகிறோம். 1960-ல் இங்கிலாந்தில் 1 லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ச்சி செய்ததில் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு மல்லாட்டைப் புண்ணாக்கு என்று தெரிந்தது. அதில் பிடித்த பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலை அழிக்கும் நஞ்சு. குஞ்சுக்குக் கொஞ்சமே போதும். கழுவினாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. பச்சைப் பூஞ்சை தெரிந்தால் குப்பையில் போடுங்க.

தீனிக்கு உடைத்த கம்பு, கேழ்வரகு, நொய் போதும். அது சூட்டுக்குத்தான் ஆகும். குஞ்சு வளர புரதம் வேண்டும். ஒரு பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, பனை ஓலை போட்டு தண்ணீர் தெளித்து சாயங்காலம் கரையான் புத்து பக்கம் கவிழ்த்து வையுங்க. காலையில் நிமிர்த்தினால் கரையான் மொய்த்திருக்கும். காசில்லாத கறிவிருந்து. குஞ்சு போட்டி போட்டுத் தின்னும்.

பொங்கலுக்குப் பிறகு வெள்ளைக்கழிச்சல்

இத்தனையும் தாண்டி நிற்கும் குஞ்சை மாசி, பங்குனியில் மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். இப்போது உத்தரகாண்டில் இருக்கும் ராணிகேத் மலை ஊரில் 1920-களில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் வந்ததால் வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்கிறார்கள்.

வெள்ளையாக, பச்சையாகக் கழியும். இறக்கை தொங்கும். கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து இழுக்கும். கடைசியில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வைரஸ் நோய் என்பதால் வந்தபிறகு மருந்து கிடையாது. மஞ்சள், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் அது தடுப்பூசிக்குப் பதில் ஆகாது. தெருவில் ஒரு வீட்டில் வந்தால் 4 நாளில் தெருவே காலி.

பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-வது வாரம் லசோட்டா மருந்து மறுபடி ஒரு தடவை. 8-வது வாரம் இறக்கைக்கு அடியில் தோலில் அரை மில்லி ஊசி. இதுதான் முறை. கடைசியில் சொன்ன ஊசி மருந்து கொஞ்சம் வீரியமானது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அந்த மருந்தே நோயைக் கொண்டுவரும்.

இங்கேதான் மார்கழிக் குஞ்சுக்கு ஒரு சிக்கல். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் 2 வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. மார்கழி முதல் வாரம் அடை வைத்தால் ஜனவரி முதல் வாரம் பொரிக்கும். முகாம் முடியும்போது அந்தக் குஞ்சுக்கு 6 வாரம்தான் ஆகியிருக்கும். பெரிய கோழிக்கு ஊசி போட்டுவிட்டு, குஞ்சை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த வருஷம் வரை அது இருக்காது. முகாமுக்குத் தூக்கிப்போகும்போது பொரித்த தேதியைச் சொல்லி, 8-வது வாரம் எப்போது வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்க. பல கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமை தோறும் கோழிக்குத் தடுப்பூசி போடுவது வழக்கம். உங்க ஊர் மருந்தகத்தில் விசாரித்துக்கொள்ளுங்க.

சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்குவோம் என்றால் அது 100 குஞ்சுக்கான புட்டியாக வரும். 9 குஞ்சுக்கு யார் வாங்குவது என்று விட்டுவிடுகிறோம். புட்டியைத் திறந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வைத்து வைத்துப் போட முடியாது. தெருவில் 10 வீடு ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு புட்டி எல்லாருக்கும் ஆகும், ஆளுக்குச் சில ரூபாய்தான் வரும். மகளிர் குழு இருக்கும் தெருவில் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். மார்கழிதானே, ஜில்லென்றுதானே இருக்கிறது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் சொட்டு விட்டும் பிரயோஜனம் இல்லை.

கோழி அம்மைக்கும் தனியாக ஊசி உண்டு. கொசு கடித்துப் பரவும் நோய் அது. அதே மருந்தகத்தில் கேட்கலாம்.

100 ரூபாய் நிவாரணம்

2024 நவம்பர் 30-ந்தேதி ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நம்ம மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடைக்கோழி, குஞ்சு, கூண்டு எல்லாம் வெள்ளத்தோடு போன வீடுகள் ஏராளம். அப்போது அரசு அறிவித்த நிவாரணத்தில் மாட்டுக்கு ரூ.37 ஆயிரத்து 500, ஆட்டுக்கு ரூ.4 ஆயிரம், கோழிக்கு ரூ.100.

வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றை ரூ.100-க்கு எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. அதுவும் செத்த கோழிக்குக் கணக்கு காட்டினால்தான். பனியில் செத்த குஞ்சுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

ஆனால் அந்தக் குஞ்சின் கணக்கு சின்னது இல்லை. ஜனவரி முதல் வாரம் பொரித்த குஞ்சு ஆடி மாசம் 6 மாசத்தைத் தாண்டியிருக்கும். சேவல் ஒண்ணேகால், ஒண்ணரை கிலோ வந்திருக்கும். ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் ஊத்தும் நேரம். சேவல் கேட்டு வீடு தேடி வருவார்கள். பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, யூனிபார்ம் என்று கையைக் கடித்த கையோடு வரும் காசு அது. மார்கழியில் கறி தின்னாத வீடுகள், சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகள் அதிகம் என்பதால் இப்போது கோழியை விற்றால் விலை வராது. அதனால்தான் நம்ம பெண்கள் இந்த மாசத்தில் கோழியை அடைக்கு உட்கார வைக்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இடையில் அந்த 3 வாரத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

சந்தைக் கோழி உஷார்

செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். பொங்கல் நெருங்கினால் கூட்டம் நெரியும். பனி காலத்தில் கழிச்சல் கண்ட கோழியை, சாவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம் என்று இந்த மாதிரி சந்தைகளுக்குக் கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மலிவாக இருக்கிறதே என்று நாமும் வாங்கி வந்து நேராக வீட்டுக் கூண்டில் விடுகிறோம். செத்ததை ஏரிக்கரையில் வீசுகிறோம். காக்காயும் நாயும் இழுத்து ஊர் முழுக்கப் பரப்புகின்றன. ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூட அரை மணி நேரம் போதும்.

வாங்கும் கோழியின் பின்பக்கத் தூவலைப் பாருங்க. எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். கண்ணில் நுரை, மூக்கில் ஒழுகல் இருந்தாலும் வேண்டாம். நல்லா இருக்கிற கோழியே ஆனாலும் 2 வாரம் தனிக் கூடையில், வீட்டின் வேறு பக்கத்தில் வையுங்க. முதலில் வீட்டுக் குஞ்சுக்குத் தீனி போட்டுவிட்டு, அப்புறம்தான் புதுக்கோழிக்குப் போட வேண்டும். திரும்பி வரும்போது கையையும் காலையும் கழுவிவிட்டு வாருங்க.